தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய இடம்

போரோஸ், ஸ்வீடன்
4 செப்டம்பர் 2005

அன்புத் தம்பி இஃபெத்துக்கு அண்ணி செனாதா எழுதுவது.

முப்பத்தொரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தோம். பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். என் இடுப்பு மட்டும் இன்னும் பஸ்ஸிலேயே இருக்கிறது. உன் வீட்டுக்காரி ஃபதீலா கட்டிக் கொடுத்த இறைச்சிப் புரெக் ஆஸ்திரியாவைத் தாண்டவில்லை, டிரைவருக்கும் இரண்டு துண்டு போயிற்று. உனக்கு அந்த இருமல் விட்டதா? உங்கள் குட்டி லாமியாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதா?

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைக்காதே. நான் பேசுவது உன் இடது காதில் ஏறுவதே இல்லை. எல்லாவற்றுக்கும் "சரி அண்ணி, சரி அண்ணி" என்பாய். இது அப்படி விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை.

ஊருக்கு வரும்போது ஸாவா ஆற்றுப் பாலத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. எல்லைப் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கினார். என்னுடையது நம் ஊர்ப் பாஸ்போர்ட். ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளுடையது ஸ்வீடன் பாஸ்போர்ட். அவற்றில் முத்திரை குத்தினார். "பசங்க தொண்ணூறு நாள் இருக்கலாம்மா. அதுக்கு மேலன்னா ஸ்டேஷன்ல வந்து பதியணும்" என்றார். மிர்னெஸ் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்ப சித்தப்பாவுக்கு எத்தனை நாள்?" என்று கேட்டான். ஜெனிதா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "அவரு அங்கயே இருக்கறவருடா, லூசு" என்றாள். வழி முழுக்க அந்த முத்திரையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான்.

அதனால் இங்கே வந்ததும் ஸ்டாக்ஹோமில் நம் தூதரகத்துக்குப் போன் போட்டேன். இப்போது இரண்டு நாட்டுக் குடியுரிமையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாமாம். ஒன்றை விட வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் நம் ஊர்ப் பாஸ்போர்ட் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஜெனிதா ஊரில் பிறந்தவள் என்பதால் சுலபம். மிர்னெஸ் இங்கே பிறந்தவன், அவனை முதலில் அங்கே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நீ நகராட்சியில் எங்கள் கல்யாணப் பத்திரம், உன் அண்ணனுடைய பிறப்புப் பத்திரம், ஜெனிதாவுடையது, மூன்றுக்கும் புது நகல் வாங்கி அனுப்பு.

கடைசியாக ஒன்று. விண்ணப்பத்தில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். போனில் பேசிய பெண்ணிடம், "ஜூன் 92-ல, சண்டை சமயம், அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் வீட்லேர்ந்து கூட்டிட்டுப் போனாங்க. தம்பி வந்தாரு. எங்க வீட்டுக்காரர் ராமிஸ் வரலை" என்றேன். "அப்ப அதுக்கு ஒரு பேப்பர் இருக்கணுமே அக்கா" என்றாள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அது என்ன பேப்பர், யார் தருவார்கள் என்று விசாரி.

ஃபதீலாவுக்கும் குட்டிக்கும் என் முத்தங்கள்.

அண்ணி செனாதா


கோர்ன்யா லிபா
9 அக்டோபர் 2005

அண்ணிக்கு இஃபெத்தின் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். இருமல் போய்விட்டது, அதற்குப் பதிலாக முதுகு வந்திருக்கிறது. லாமியா தினமும் பள்ளிக்கூடம் போகிறாள், தினமும் அழுகிறாள், இரண்டையும் விடுவதில்லை.

நீங்கள் கேட்ட மூன்று நகலும் இத்துடன் இருக்கின்றன. நகராட்சிக்கு மூன்று தடவை போனேன். அந்தச் சன்னலில் இருக்கிற அம்மா காபி குடித்து முடிப்பதற்குள் நான் ஸ்வீடனுக்கே வந்து உங்களிடம் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். முதல் நாள், "நாளைக்கு வாங்க" என்றாள். மறுநாள், "நேத்து வந்திருந்தா பரவால்லை, இன்னிக்கு முத்திரை வெச்சிருக்கறவரு லீவு" என்றாள். மூன்றாம் நாள் நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து, "நான் இங்கயே இருக்கேன்மா, நீங்க நிதானமா குடிங்க" என்றேன். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது.

அண்ணனின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. திருத்தி வாங்கினேன்.

இந்த வருஷம் பிளம் காய்ப்பு அதிகம். கிளைக்கு முட்டுக் கொடுத்தும் இரண்டு முறிந்துவிட்டன. ஜாம் காய்ச்சிக் காய்ச்சி ஃபதீலா ஓய்ந்துபோனாள். யாராவது அந்தப் பக்கம் கிளம்பினால் கொடுத்து விடுகிறேன். மிர்னெஸ் ஆற்றில் நீச்சல் பழகியது மறக்காமல் இருக்கட்டும். அங்கே குளத்துக்குக் கூட்டிப் போங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இஃபெத்


போரோஸ்
20 அக்டோபர் 2005

அன்புள்ள இஃபெத்,

எல்லோரும் சுகம் என்று படித்தேன், இங்கும் அப்படியே. ஜெனிதாவுக்கு அடுத்த மாதம் பதினேழு முடிகிறது. நகல்கள் வந்தன. தூதரகத்துக்கு அனுப்பினேன், சரியாக இருக்கின்றன என்றார்கள். உனக்குத்தான் நன்றி.

கடைசிப் பேப்பரைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. மறந்திருப்பாய். கேட்டு எழுது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் எனக்கு இந்த மாதம் காலை ஷிப்ட். மதியம் மூன்று மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன், போனிலும் சொல்லலாம். காது கேட்கவில்லை என்றால் ஃபதீலாவைப் பேசச் சொல்.

அண்ணி


கோர்ன்யா லிபா
5 டிசம்பர் 2005

அண்ணிக்கு ஸலாம்.

பனி முழங்கால் வரைக்கும் இருக்கிறது. பாதை மூடியிருந்ததால் பதில் தாமதம். நாங்கள் சுகம். லாமியாவுக்கு ஒரு பல் விழுந்தது.

பேப்பர் விஷயம். கோர்ட்டில் மனுப் போட வேண்டுமாம். கோர்ட்டில் அந்த வேலை பார்ப்பவர் பிரசவ விடுமுறையில் இருக்கிறாராம். இரண்டு சாட்சி வேண்டும், செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்க வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். என்ன அவசரம்? அடுத்த நவம்பரில் ஜெனிதாவுக்குப் பதினெட்டு. அவளே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்வாள். மிர்னெஸும் வளர்வான். முத்திரையோடு வந்து போவதில் என்ன குறை? நான் அவனிடம் முத்திரை கேட்கவா போகிறேன்?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருந்தால் அது வேறு மாதிரி வளரும். ஃபதீலாவின் சித்தி மகள் அங்கே யோன்ஷோபிங்கில் இருக்கிறாள் இல்லையா, அவள் போரோஸ் வந்தபோது உங்களைப் பார்த்தாளாம். சிவப்புக் கார், ஓட்டியவர் ஸ்வீடன்காரர். "உங்க அண்ணி நல்லா சிரிச்சுப் பேசிட்டிருந்தாங்க" என்று ஃபதீலாவிடம் சொல்லியிருக்கிறாள். நான் தப்பாக எடுக்கவில்லை. உங்களுக்கும் வயசு இருக்கிறது. ஆனால் பேப்பர் வேண்டியது பிள்ளைகளுக்கா, வேறு எதற்காகவாவதா என்று நேராகச் சொல்லுங்கள். வேறு எதற்காகவோ என்றால் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை நடுவில் வைக்க வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இஃபெத்


போரோஸ்
19 டிசம்பர் 2005

இஃபெத்,

பிள்ளைகளும் நானும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருங்கள்.

சிவப்புக் காரில் இருந்தவர் லெய்ஃப். துணிகளை ஏற்றிப்போகிற வேன் டிரைவர். பனி அதிகமானால் பஸ் வராது, அன்றைக்கு அவருடைய காரில் என்னையும் இன்னும் இரண்டு பெண்களையும் இறக்கிவிட்டுப் போவார். அவருடைய நாயைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த நாய் சோபாவில் ஏறிக்கொண்டு மனைவியை உட்கார விடாதாம். அதற்குத்தான் சிரித்தேன். அந்தப் பெண்ணுக்கு நான் சிரித்தது தெரிந்திருக்கிறது, பின்சீட்டில் இரண்டு பேர் இருந்தது தெரியவில்லை.

ஒருவரோடு வாழ வேண்டுமென்றால் இந்த நாட்டில் ஒரு பேப்பரும் வேண்டாம். அப்படி இருந்திருந்தால் உன்னிடம் முதலில் சொல்லியிருப்பேன். பதின்மூன்று வருஷத்தில் நான் உன்னிடம் மறைத்தது ஒன்றுமில்லை.

உனக்கு வேலை வைக்க விரும்பவில்லை. கோர்ட்டுக்கு நானே எழுதிவிட்டேன்.

ஃபதீலாவிடம் ஜாம் வந்து சேர்ந்தது என்று சொல்.

செனாதா


போரோஸ்
28 பிப்ரவரி 2006

இஃபெத்,

கோர்ட்டிலிருந்து பதில் வந்திருக்கிறது. மனுப் போட வேண்டிய தேவையில்லை என்று எழுதியிருக்கிறார்கள். காணாமல் போனவர்களை அடையாளம் காணும் இடத்தில் ராமிஸ் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. 11 நவம்பர் 2003 தேதி. கிடைத்த எலும்புகள் உன் ரத்தத்தோடு பொருந்திவிட்டன. குடும்பத்தார் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் இறப்புச் சான்று கொடுத்துவிடுவார்கள். அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அதன் கீழே உன் பெயர் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது.

2003-க்குப் பிறகு நாங்கள் இரண்டு கோடைக்கு உன் வீட்டுக்கு வந்தோம். உன் மேஜையில் சாப்பிட்டோம்.

செனாதா


கோர்ன்யா லிபா
30 ஏப்ரல் 2006

அண்ணிக்கு,

இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் போன் வந்தது. ஃபதீலா அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் பஸ் பிடித்துப் போனேன். நீளமான கூடம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், என்னைவிடச் சின்னவள், கண்ணாடி போட்டிருந்தாள். "காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். குடித்தேன். முழுவதும் குடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

பிறகு சொன்னாள். "உங்க ரத்தத்தோட பொருந்துது. ஆனா முழுசா கிடைக்கலை. ஏறக்குறைய பாதி. மீதி வேற இடத்துல இருக்கலாம், தேடறோம். பிள்ளைகளோட ரத்தமும் கிடைச்சா தேடறதுக்கு உதவியா இருக்கும்." பார்க்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எழுந்த பிறகு, பார்க்கிறேன் என்றேன்.

மேஜையில் காகிதம் விரித்து, ஆள் படுத்திருக்கிற மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். நடுநடுவே இடம் விட்டிருந்தது. இடது கை இருந்தது. முழங்கைக்குக் கீழே எலும்பு உடைந்து கூடிய தடம். பத்து வயசில் அண்ணன் பிளம் மரத்திலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட கை அது. உச்சியில் இருந்த பழம் வேண்டும் என்று அடம் பிடித்து ஏற்றிவிட்டதாக என்னைச் சொல்வார்கள், எனக்கு அப்போது இரண்டு வயசு. ரத்தப் பரிசோதனை எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணிடம், "இது எங்க அண்ணன் இல்லைம்மா" என்றேன். அவள் வாதாடவில்லை. "சரிங்க. எப்ப வேணும்னாலும் வாங்க. அதுவரைக்கும் நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து விறகு பிளந்தேன். ஃபதீலா வந்து, "எங்க போயிருந்தீங்க?" என்றாள். "டவுனுக்கு" என்றேன். "என்ன வாங்கினீங்க?" என்றாள். "ஒண்ணும் வாங்கலை" என்றேன். அதோடு சரி. அவளுக்கே போன வாரம்தான் சொன்னேன். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

பாதி அண்ணனுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீதி கிடைக்கட்டும், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. 92 நவம்பரில் ஸாக்ரெப் அகதிக் கூடத்தில் உங்களைத் தேடிக் கண்டுபிடித்தேன் இல்லையா. வயிறும் பிள்ளையுமாக ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். "எங்க அவரு?" என்று ஒரே கேள்விதான் கேட்டீர்கள். பள்ளிக்கூட ஜிம்மில் எங்களை அடைத்து வைத்திருந்தார்கள், ஒரு காலையில் அண்ணன் பெயரைப் படித்தார்கள், எழுந்து போனான், போகும்போது "வந்துடுவேன்னு அண்ணிகிட்ட சொல்லு" என்றான் என்று உங்களிடம் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் நீங்கள் சாப்பிட்டீர்கள். அதற்கு அப்புறம்தான் ஸ்வீடன் பஸ்ஸில் ஏறச் சம்மதித்தீர்கள். அந்தச் சேதியைக் கொண்டுவந்தவன் நான். இந்தச் சேதியையும் நானே கொண்டுவர எனக்குக் கால் வரவில்லை.

சிவப்புக் காரைப் பற்றி எழுதியதற்கு என்னைச் செருப்பால் அடியுங்கள்.

இஃபெத்


போரோஸ்
17 மே 2006

தம்பி இஃபெத்துக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்துவிட்டு மாலை ஷிப்டுக்குப் போனேன். படுக்கை விரிப்புகள் மடித்தேன். பக்கத்தில் நின்ற பெண் ஏதோ கேட்டாள், பதிலும் சொன்னேன், என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். இதுவரை வரவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, நீ கேட்டதால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளிடம் சொன்னேன். ஜெனிதா, "எந்தக் கை?" என்றாள். "இடது" என்றேன். எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மிர்னெஸ் அங்கேயே உட்கார்ந்திருந்தான். "அப்ப ரெண்டரை வருஷமா அப்பா அங்க ஒரு அலமாரியிலதான் இருக்காரா?" என்றான். "ஆமாம்." "தனியாவா?" "இல்லப்பா, நிறைய பேர் இருப்பாங்க. நம்ம பக்கத்து ஊர்க்காரங்க." "அப்ப சரி" என்றான். உருளைக்கிழங்கைச் சாப்பிட்டு முடித்தான்.

பாதி என்று எழுதியிருந்தாய். பதினாலு வருஷமாக அவருடைய ஒரு சட்டைகூட இல்லாமல் இருக்கிறேன். வீட்டை எரித்தபோது போட்டோவும் போயிற்று, உனக்குத் தெரியும். பாதி எனக்கு நிறைய. போய்க் கையெழுத்துப் போட்டுவிடு. என் கணவனைப் பூட்டி வைக்க உனக்கு உரிமை இல்லை. இதைத் திட்டுவதற்காக எழுதவில்லை. திட்டுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

பிள்ளைகள் ரத்தம் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். தபாலில் ஒரு உறை வருமாம், விரலில் குத்தி அட்டையில் தேய்த்து அனுப்பினால் போதுமாம். மிர்னெஸ்தான் இணையத்தில் பார்த்துச் சொன்னான்.

ஒரே ஒரு கேள்வி. உன் அண்ணனோடு ஐந்து வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். கடைக்குப் போனாலும் சரி, வேலை தேடி ஸ்லோவேனியாவுக்குப் போனாலும் சரி, "கிளம்பறேன்" என்பார். "வந்துடுவேன்" என்று ஒருநாளும் சொன்னது கிடையாது. "சொல்லிட்டு வரமுடியாம போனா நீ கதவையே பாத்துட்டிருப்ப" என்பார். ஜிம்மில் அவர் உன்னிடம் அப்படிச் சொன்னாரா? அன்றைக்கு உனக்குப் பத்தொன்பது வயசு. உண்மையைச் சொன்னால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஃபதீலாவை உன்னோடு பேசச் சொல். பேசாமல் இருப்பது யாருக்கும் நல்லதில்லை.

அண்ணி


கோர்ன்யா லிபா
6 ஜூன் 2006

அண்ணிக்கு இஃபெத்தின் ஸலாம். இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம், ஃபதீலா பேசுகிறாள், முன்னைவிட அதிகமாகவே பேசுகிறாள்.

நேற்று போய்க் கையெழுத்துப் போட்டேன். மூன்று இடத்தில் போட வேண்டியிருந்தது. ஃபதீலாவும் வந்தாள். அதே பெண்தான் இருந்தாள், என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். "வாங்க இஃபெத் அண்ணா" என்றாள். காபி கேட்டாள். ஃபதீலா குடித்தாள், நான் குடிக்கவில்லை. "இல்லைன்னு சொல்லிட்டுப் போனவங்க எவ்வளவு பேர் இப்படித் திரும்பி வராங்க?" என்று ஃபதீலா கேட்டதற்கு, "ஏறக்குறைய எல்லாரும்" என்றாள்.

அடக்கம் ஜூலை 22, சனிக்கிழமை, மதியத் தொழுகைக்குப் பிறகு. அன்று நம் பக்கத்திலிருந்து பதினொரு பேரைச் சேர்த்து அடக்கம் செய்கிறார்கள். அண்ணனுக்கு அப்பாவின் காலடியில் இடம் பார்த்திருக்கிறேன். மண் அங்கே களிமண், மழை பெய்தால் வழுக்கும். மிர்னெஸ் என்னோடு குழிக்குள் இறங்க வேண்டியிருக்கும், மகன் இறங்குவதுதான் முறை. அவனுக்கு நல்ல பூட்ஸ் எடுத்து வாருங்கள். கறுப்பு உடை வேண்டாம், நம் வழக்கம் இல்லை. நீங்கள் 19-ஆம் தேதிக்குள் வந்துவிட்டால் நல்லது. மாடி அறையைச் சுண்ணாம்பு அடித்து வைக்கிறேன். சமையலுக்கு ஃபதீலாவின் அக்காக்கள் இரண்டு பேரும் வருவார்கள். பஸ் ஏறியதும் போன் போடுங்கள்.

எழுத வேண்டியது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

இஃபெத்


கோர்ன்யா லிபா
14 ஆகஸ்ட் 2006

அண்ணிக்கு ஸலாம்.

ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று போனில் கேட்டதும் நிம்மதி. நீங்கள் போன பிறகு மூன்று நாள் லாமியா மாடி அறையிலேயே விளையாடினாள். ஜெனிதாவின் தலைமுடிக் கிளிப் ஒன்று கிடைத்தது, கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

இறப்புச் சான்று இத்துடன் இருக்கிறது. இரண்டு நகல். தேதி என்ற இடத்தில் நாள் போடவில்லை, ஜூலை 1992 என்று மாதத்தை மட்டும் போட்டிருக்கிறார்கள். அந்தச் சன்னல் அம்மாதான் கொடுத்தாள். பெயரைப் படித்ததும் எழுந்து நின்றாள். நான் வாசலைத் தாண்டும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

நீங்கள் பெண்கள் பக்கம் நின்றதால் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். குழிக்குள் நானும் மிர்னெஸும் இறங்கியதும் மேலிருந்து பச்சைத் துணி போர்த்திய பெட்டியைக் கொடுத்தார்கள். கனமே இல்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். கீழே வைத்த பிறகு மெதுவாக, "சித்தப்பா, தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டான். காட்டினேன். அவன் நின்றிருந்தது அந்தப் பக்கம்தான். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, மிதிக்காமல், என் பக்கம் நகர்ந்து வந்தான். பிறகு பலகைகளைச் சாய்த்து வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக வைத்தான், ஒன்றுகூடக் கோணவில்லை. கை கொடுத்து மேலே ஏற்றப் போனேன். "நானே ஏறிடுவேன்" என்றான்.

ரத்த அட்டைகள் வந்து சேர்ந்துவிட்டதாக அந்தப் பெண் போன் செய்தாள். மீதியைப் பற்றி இன்னும் செய்தி இல்லை.

உங்களுடைய ஒரு கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும்.

இஃபெத்


போரோஸ்
15 அக்டோபர் 2006

அன்புத் தம்பி இஃபெத்துக்கு,

உங்கள் எல்லோருக்கும் எங்கள் மூவருடைய அன்பு. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மிர்னெஸ் ஆறு மாதத்தில் எட்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான், அடக்கத்துக்கு வாங்கிய பூட்ஸ் இப்போதே இறுக்குகிறது. எனக்கு உடம்பு பரவாயில்லை. போன மாதம் ஒருநாள் கடையில் வெங்காயம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அழுகை வந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு முடியும்வரை நின்றேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல ஊர்.

அந்தக் கேள்வியை நீயும் விட்டுவிடு, நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு ஸாக்ரெப்பில் நான் சாப்பிட்டேன். மிர்னெஸ் மூன்று கிலோ அறுநூறு கிராம் எடையோடு பிறந்தான்.

வியாழக்கிழமை ஸ்டாக்ஹோமுக்குப் போனோம். ஜெனிதாவுக்கு இன்னும் ஒரு மாதத்தில் பதினெட்டு, காத்திருந்து தனியாகவே எடுத்திருக்கலாம். தம்பியோடு சேர்ந்தே எடுக்கிறேன் என்று வந்தாள். போனில் என்னோடு பேசிய பெண் இப்போது அங்கே இல்லை. புதிதாக ஒருத்தி, நம் ஊர்க்காரிதான், துஸ்லா பக்கத்துப் பேச்சு. ஜெனிதாவுடையது சீக்கிரம் முடிந்தது. மிர்னெஸின் விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். "நம்ம பாஷை தெரியுமா தம்பி?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். "அப்ப நீயே சொல்லு. அம்மா சொல்ல வேண்டாம்" என்றாள்.

பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாம் சொன்னான். அவனுடைய பேச்சு உனக்குத் தெரியுமே, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துத்தான் வைப்பான். அடுத்தது அப்பா. பெயர் சொன்னான். அவள் எழுதிக்கொண்டே தலை நிமிராமல், "அப்பா எங்க இருக்காரு?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். ஜெனிதா என் கையைப் பிடித்தாள்.

"ஊர்ல இருக்காரு" என்றான் மிர்னெஸ்.

"எந்த ஊரு?"

"கோர்ன்யா லிபா."

அவள் முகவரிக் கட்டத்தில் கோர்ன்யா லிபா என்று எழுதினாள். "சரி, கையெழுத்துப் போட அவரு வரலையா?" என்றாள். அவன் கோப்பிலிருந்து நீ அனுப்பிய சான்றை எடுத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, அவள் முன்னால் வைத்தான். அவள் படித்தாள். இரண்டு தடவை படித்திருப்பாள் போலிருக்கிறது. அவனைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அழிக்கிற வெள்ளை மை பாட்டில் அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கட்டத்தில் எழுதியதை ஒரு தடவை பார்த்தாள். அதை அடிக்கவில்லை, அழிக்கவில்லை. சான்றை விண்ணப்பத்தோடு சேர்த்துப் பின் அடித்து, காகிதத்தை அவன் பக்கம் திருப்பி, "இங்க நீ போடணும்" என்றாள்.

அவன் தன் பெயரை எழுதி, பின்னால் ராமிஸ் என்றும் எழுதினான். அவனை அப்படி எழுதச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியவில்லை. நீயா?

பாஸ்போர்ட் வர ஆறு வாரம் ஆகுமாம். ஃபதீலாவுக்கும் லாமியாவுக்கும் முத்தங்கள். கிளிப்பை அவளே வைத்துக்கொள்ளட்டும். நீ குளிரில் காதைத் துணியால் மூடிக்கொண்டு வெளியே போ.

அண்ணி செனாதா